கல் நண்டைக் கண்டெடுத்தவர்கள்

"மெதுவாப் புடிடி, நண்டுக்குக் காலு ஒடஞ்சிரும்."

அல் ஐனிலிருந்து அபுதாபி போகும் பஸ்ஸில், முன்சீட்டு மதுரைக்காரி இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். யாழ்ப்பாணத் தோழியின் மடியில் கல்லாகிப்போன நண்டு ஒன்று இருந்தது. அல் ஐன் மலையடியில் இருவரும் தேடியெடுத்ததை அபுதாபி மியூசியத்தில் கொடுக்கப் போகிறார்களாம்.

"கண்டெடுத்தவர்னு ஒரு பேர்தான் போடுவாங்களாம். உன் பேரச் சொல்லிட்டேன்."

"விசரே உனக்கு? முதல் கண்டது நீயெல்லோ! இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்தில பொம்பிளையள் தோண்டி எடுத்ததுக்கு ஆம்பிளையள் பேர் வாங்கினவை. இப்ப எங்கட பேரை நாங்களே விடுறதோ?"

யாழ்ப்பாணக்காரி உடனே மியூசியத்துக்குப் போன் போட்டு, ஆங்கிலத்தில் கறாராகப் பேசினாள். பிறகு தோழி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேற்ற பேரும் போடுகினமாம். ஆற்ற பேர் முதல்ல எண்டு கேக்கினம்."

"உன்னோடதுதான்."

"இல்லை, உன்ர."

அபுதாபி வரும்வரை ஒருத்தியும் இறங்கி வரவில்லை.