பட்டுச் சட்டம்

— மெதுவா வா அக்கா. கயித்துல தொங்குத தாளு எல்லாம் ஈரம். சேலை பட்டா இழுவிப்போவும்.

— ஏலே பால்துரை, குடி முழுவிப்போயி கிடக்கு, நீ தாளு காயப்போட்டுக்கிட்டு இருக்கியா. முதல்ல இந்தச் சோத்தத் தின்னு.

— வை, தின்னுக்கிடுதேன். வழியில ஆள் நடமாட்டம் உண்டுமா?

— ஐப்பசி மழையில உப்பளத்துக்கு எவன் வாரான். இந்தக் கொட்டகையில ஆள் இருக்குன்னே ஒருத்தனுக்கும் தெரியாது.

— அத்தான விட்டுட்டானுவளா?

— விடல. காலையில ஸ்டேசனுக்குக் கஞ்சி கொண்டு போனேன். ஏனத்த வாங்க அவியளுக்குக் கை தூக்க முடியல. நாந்தான் ஊட்டிவிட்டேன்.

— அத்தானுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவனுவளுக்கே தெரியும், கேட்டியா. ரெண்டு தட்டு தட்டிட்டு அனுப்பிருவானுவ.

— உன் பெயிண்டு டப்பாவ எங்க வீட்டு விறகுக்குள்ள இருந்துல்லா எடுத்தானுவ. துறைமுகத்துச் சுவரு பூரா ஒட்டியிருந்த 'வெள்ளையனே வெளியேறு' நோட்டீசும் அதே சிவப்பு. 'யாருடா அடிச்சது'ன்னு கேட்டிருக்கானுவ. 'நாந்தான்'னு சொல்லிட்டாவ.

— அத்தானா? அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதே.

— மூட்ட தூக்குத மனுசன். எப்படி அடிச்ச, செஞ்சு காட்டுன்னா முழிச்சிருக்காவ. அதுக்குத் தனியா அடி.

— என் பேரச் சொல்லலியே?

— ஆண்டவரே. அவிய சொல்லுவாவளா? கல்யாணம் முடிஞ்ச அன்னையில இருந்து உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவியல்லா.

— தெரியும் அக்கா.

— ஒண்ணு கேக்கேன். இந்தச் சுதந்திரத்து மேல உனக்கு அம்புட்டுப் பிடிப்பாலே?

— உங்கிட்ட பொய் சொல்லப்பிடாது. அதெல்லாம் எனக்கு ஒண்ணும் விளங்காது. காங்கிரஸ் கதர்க்காரரு ஒருத்தரு தாளு குடுத்தாரு, பெயிண்டு குடுத்தாரு. இந்தச் சண்டைக் காலத்துல வேற யாரு குடுப்பா? அவரு என்ன எழுத்துக் குடுத்தாலும் அடிச்சிருப்பேன்.

— இதுக்கா என் மாப்பிள அடி வாங்குதாவ. இதுல அப்படி என்னலே இருக்கு?

— சொன்னா உனக்குக் கிறுக்காத் தெரியும். கொழும்புல மாமா பலசரக்குக் கடையில நின்னேன்லா. பதினாறு வயசு. கடைக்குப் போர்டு வாங்கிட்டு வான்னு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாரு. அங்கன ஒரு சிங்களவரு, மரச்சட்டத்துல பட்டுத்துணிய மேளம் மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டியிருந்தாரு. மேல பெயிண்ட ஊத்தி, ரப்பர் கட்டையால ஒரே இழுவை. சட்டத்தத் தூக்கினா அடியில எழுத்து உக்காந்திருக்கு, கேட்டியா. அச்சு இல்ல, மிஷின் இல்ல. துணி வழியா இறங்கி வந்திருக்கு. போர்ட மறந்து அங்கனயே நின்னேன். மாமா பெல்ட்டால அடிச்சாரு. மறுநாளும் போயி நின்னேன். சாவுத வரைக்கும் எனக்கு இதுதான்னு அன்னைக்கே தெரிஞ்சிட்டு.

— ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப அவனவன் நகைநட்டத் தூக்கிட்டு ஓடிவந்தான். நீ மரச்சட்டத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டுல்லா தோணியில இருந்து இறங்கின.

— என்கிட்ட வேற என்ன இருந்துச்சு.

— தம்பி, நீயே ஸ்டேசனுக்குப் போயி, நாந்தான்னு சொல்லிட்டா என்ன?

— போனா முதல்ல இந்தச் சட்டத்தத்தான் ஒடைப்பானுவ. பட்டுக்கு இனி எங்க போவேன்? அத்தானுக்குக் கை ஆறிரும் அக்கா.

— ஆறிரும்.

— நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— தின்னு, சோறு விறைச்சுப் போவுது.

— தோணி ஓட்டுத ஏசுவடியான் தண்டல்கிட்ட பேசிட்டேன். மழை வெறிச்சதும் அவரு தோணி கொழும்புக்குப் பாய் விரிக்கு. சட்டத்தையும் ஏத்திக்கிடலாம்னாரு. நான் போயிட்டா இந்தப் பேச்சே அமுங்கிரும்.

— நீ போயிட்டா அவியதான்னு முடிவு கட்டி ஜெயிலுக்கு அனுப்புவானுவ. என் பிள்ளையள நான் எதவச்சு வளக்க?

— கொழும்புல இருந்து நான் பாத்துக்கிடுதேன்.

— நீயா.

— ஏன், நம்பலியா?

— சரி, அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணு அடிச்சுக் காட்டு. எங்க குடியக் கெடுத்தது என்னன்னு நானும் பாக்கேன்.

— நிசமாவா? நீயே இழு அக்கா. இந்தா, கட்டைய ரெண்டு கையாலயும் பிடி. கொஞ்சம் சாய்ச்சு. நடுவுல நிப்பாட்டிராத.

— இப்பிடியா?

— அப்பிடித்தான். இப்ப சட்டத்தத் தூக்கு. பைய.

— சங்குல்லா இது.

— சங்குதான். யாரும் கேட்டு அடிக்கல, எனக்காவ தாள்ல வெட்டிப் பட்டுல ஒட்டினது. அந்த நடுச் சுழி எனக்கே அடைச்சு அடைச்சுப் போவும். உன் கைக்கு எப்படி விழுந்திருக்கு பாரு.

— அழகா இருக்குலே.

— கண்ணு ஏன் கலங்குது?

— பெயிண்டு நெடி.

— போவப் போவப் பழகிரும். இன்னொண்ணு இழுக்கியா?

— நீ இழு, நான் பாத்துக்கிட்டு நிக்கேன். சாப்பாடு குடுத்து முடியுத வரைக்கும் உள்ள வராதீயன்னு சொல்லித்தான் தம்பி, நான் கூட்டியாந்த போலீச வெளிய நிறுத்தியிருக்கேன்.