துபாய் போத்தல்

ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள்.

"என் தங்கச்சி துபாயில இருந்து சந்தோஷத்தைப் போத்தல்ல போட்டு அனுப்பியிருக்காக்கா. ஏதோ மாத்திரை, மனசு லேசாகி நல்லாத் தூக்கமும் வருமாம். மூணு நாளா குடிக்கிறேன்."

"தூங்குனியா?"

"எங்க தூங்குறது அக்கா? நெஞ்சு படபடங்குது. கை நடுங்குது. இந்தக் குளிர்லயும் வேர்க்குது."

"மனசுக்குன்னு கிளினிக்ல குடுத்த மாத்திரை?"

"அதையுந்தான் குடிக்கிறேன். நிப்பாட்டக் கூடாதுன்னாங்களே."

"இதைப் பத்தி டொக்டர்கிட்ட சொன்னியா?"

"இது ஏதோ விதையில செஞ்சதாம். மருந்தில்லையே."

மூத்தவள் எழுந்து மணியை அடித்தாள்.

"எறங்கு. ரெண்டு மாத்திரையும் சேர்ந்துதான் உன்னை இப்படிப் பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போவோம். போத்தலையும் காட்டணும்."

"திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். திட்டு வாங்க நீ இருக்கணும்ல."

இருவரும் இறங்கி, ஹட்டன் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் ஓடினார்கள்.