பீங்கான் மூட்டையின் ஈரம்

கடைசிச் சாமம். சீனத்து ஹாமி ஊரைத் தாண்டிய மணல் வழி. இரண்டு ஒட்டகம், இரண்டு ஆள்... வேறு ஈ காக்கை இல்லை. நெருங்கி உட்காருங்கள், பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். இது என் நண்பன் யாத்காரின் தாய்மாமன் பூலாத்துக்கு நடந்தது.

பூலாத் சீனத்துப் பீங்கான் வாங்கிச் சமர்கந்தில் விற்பவர். நம்மைப் போன்ற வியாபாரிகள் கட்டுகிற மாதிரிதான் மூட்டை கட்டியிருந்தார். கிண்ணங்களுக்கு நடுவே மண்ணும் கோதுமையும் அடைத்து, தண்ணீர் தெளித்து முளைக்கவிட்டு... வேர் பின்னிக்கொண்டால் உருட்டிவிட்டாலும் உடையாது. ஆனால் காயவிடக் கூடாது. காய்ந்தால் பிடி தளர்ந்துவிடும்.

கூட வந்த தம்பி ஆஷிருக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. நம்பி வந்த கிணறு தூர்ந்து கிடந்தது. தோல்பையில் மிச்சம் ஒரு செம்புத் தண்ணீர். அப்போது மூட்டைக்குள்ளே... கிளிங். மறுபடி... கிளிங்.

"அண்ணே, நாக்கு ஒட்டிக்குது. ஒரு வாய் குடு."

"இப்பத்தானேடா குடிச்சே? ஒட்டகமே உன்கிட்ட தோத்துரும். பொறு, விடிஞ்சா அடுத்த கிணறு."

சொல்லிவிட்டு, பாவி மனுஷன், அந்தத் தண்ணீரை மூட்டைக்கு ஊற்றினார். நொறுங்கினால் ஒரு வருஷப் பயணம் வீண் என்ற பயம்.

விடிந்தபோது ஆஷிர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஈர மண்ணில் வாயைப் புதைத்திருந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

தம்பியை மணலில் அடக்கிவிட்டு, பூலாத் மூட்டையைத் தூக்கிப் பாறையில் அடித்தார். நொறுங்கித் தொலையட்டும் என்றுதான் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. தம்பியின் வாய் பட்ட இடம் அதில் இருந்ததே.

அதற்குப் பிறகு மூட்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. நாற்பது நாள் வெயில். எல்லாம் சருகாய்க் காய்ந்தது. வாய் பட்ட இடம் மட்டும்... காலைதோறும் ஈரம். புதுமழை மண் வாசனை.

சமர்கந்தில் வாங்க வந்தவர் மூட்டையைப் பிரித்தார். எதிலும் ஒரு கீறல் இல்லை. அந்த ஈரத்துக்கு அடியில் இருந்த கிண்ணத்தை எடுத்து, ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பித் தரையில் வைத்தார்.

தண்ணீர் மெல்ல இறங்கியது.

"ஓட்டைக் கிண்ணத்த என் தலையிலயே கட்டப் பாக்கிறியா பூலாத்?" என்று சிரித்தபடி தூக்கினார். கிண்ணத்தின் அடி உலர்ந்திருந்தது. தரையும் உலர்ந்திருந்தது. மறுபடி நிரப்பினார்... மடக். மடக். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பூலாத் ஓடவில்லை. குடத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"குடிடா தம்பி... மெதுவாடா. பொரையேறிடப் போகுது."

ஊற்றினார். காலி. ஊற்றினார். காலி...

நான்கு வருஷமாகிறது. போன வாரம் யாத்கார் போய்ப் பார்த்திருக்கிறான். இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறாராம். வீட்டுக் கிணற்றில் அடிமண் தெரிகிறதாம்.