மஞ்சள் டப்பா டிவிடி

வெற்று டிவிடிகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் அப்படி இல்லை. சங்கரன்கோவிலில் எந்தக் கல்யாண வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் சாம்சுந்தர் ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது இன்றைக்கும் ஓடும்.

ஒரு சித்திரையில் சோதித்தே பார்த்தேன். ஒரே ஞானஸ்நான வீடியோவை நாலைந்து கம்பெனி டிவிடிகளில் எழுதி மொட்டைமாடி வெயிலில் போட்டேன். நீல டப்பாவில் வருவது கடைசிவரை பிசகாமல் ஓடியது. மஞ்சள் டப்பாச் சரக்கு எழுதிய அன்று கண்ணாடிபோல் தெளிவு. வெயில் பட்டுச் சில மாதம் கழிந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு ஒன்றுமே வராது. அதன்பின் வாடிக்கையாளருக்கு நீலம் மட்டும்தான். மஞ்சளை நான் தூக்கி எறியவில்லை.

விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போன முருகம்மாளை ராஜபாளையம் ரோட்டில் கார் அடித்ததே, அங்கே உரக்கடையில் இருந்த கேமரா நான் மாட்டியது. அதனால் பதிவை எடுத்துத் தரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து என்னிடமே வந்தார்கள். வெள்ளைக் கார் இடிப்பது தெரிந்தது. அவள் கையை ஊன்றி எழப் பார்ப்பதும், கார் பின்னால் வந்து அவள்மேல் ஏறுவதும் தெரிந்தது. நம்பர்தான் மங்கல். சென்னை லேபில் தெளிவாக்கிவிடலாம் என்றார் ஏட்டையா. முடியும் என்பது எனக்கும் தெரியும்.

அவள் புருஷன் காசிராஜன் கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நல்லதாப் பாத்துப் போட்டுக் குடுங்க. கோர்ட்டு வரைக்கும் நிக்கணும்லா."

"நிக்கும். நீரு போயிட்டு வாரும்" என்றேன்.

மஞ்சளில் எழுதினேன். ஒரு பகல் முழுக்க மாடியில் காயவிட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார்கள், ஓடியது, சீல் வைத்தார்கள். சென்னை லேபில் அதன் முறை வருவதற்குள் டிவிடியில் ஒன்றுமே வரவில்லை; உரக்கடைக் கேமராப் பெட்டியும் தன் பழைய பதிவின்மேல் தானே புதிதை எழுதிக்கொண்டது. இதில் நான் எதை அழித்தேன், சொல்லுங்கள். என்ன டிவிடி என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

கார் என் மகன் ஷெர்வினுடையது. அப்போது துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். இப்போது தூக்கம் வரவில்லை என்று தானாக வந்து உங்களிடம் சரணடைந்திருக்கிறான். எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது. அவள் பிழைத்திருந்தால் கிடந்த கிடையாகக் கிடந்திருப்பாள். என் மகன் பிழைப்பும் போயிருக்கும். யாருக்கு என்ன லாபம்?

காரில் தனியாக இருந்ததாகச் சொல்கிறானாம். பொய். அதை வெட்டிவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இடித்ததும் அவன் அழுதான். இறங்கி அவளைத் தூக்கப் போகிறேன் என்று கதவில் கை வைத்தான். பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் கையைப் பிடித்தவன் நான்.

"அழாத மக்கா. வண்டியப் பின்னால எடு" என்றேன்.

எடுத்தான். என் பிள்ளை தகப்பன் சொல் தட்டாதவன் சார். அவனை நான் அப்படி நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறேன்.