விசிலுக்கு விட்ட இடம்

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க அக்காதான். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், போன்ல. சொன்னதுகூடப் பரவாயில்ல, சிரிச்சுக்கிட்டே சொன்னா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல... கையை இன்னும் தூக்கணுமா? போதுமா? சரி, நீங்க ரவிக்கை அளவைப் பாருங்கம்மா. வாயில குண்டூசி வச்சிருக்கீங்க, பதில் ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு அதுதான் வசதி. நீங்க எங்க பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வர்றதில்ல, அது இன்னும் வசதி. அங்க வர்றவங்க யார்கிட்டயும் இதை வாயைத் திறந்து சொல்ல முடியாது.

எங்க கூட்டம் ஒரு பாட்டோடதான் ஆரம்பிக்கும். நான் எடுத்துக் கொடுப்பேன், மத்தவங்க பின்னாடியே பாடுவாங்க. முன்னாடியெல்லாம் அது பாட்டே இல்ல, வெறும் வேண்டுதல் வரிங்க. பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவோம். அப்ப என் பெரியவன் கைக்குழந்தை. ஒருநாள் அவனை மடியில போட்டுத் தட்டிக்கிட்டே அந்த வரிகளைச் சொல்றேன்... தானா ஒரு ராகம் வந்து உக்காந்துச்சு. அத்தனை பேரும் நிமிர்ந்து பாத்தாங்க. கடவுள் கொடுத்ததுன்னே நினைச்சேன்மா. நான் எட்டாவதோட நின்னவ, எனக்கு ராகம் எங்கேர்ந்து வரும்? அவர்தானே கொடுக்கணும்? அப்புறம் புதுசா வந்தவங்க, இது ரொம்பப் பழைய ராகமான்னு கேப்பாங்க. நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன், சும்மா சிரிப்பேன். அதைப் பணிவுன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு.

அந்தப் பாட்டுல ரெண்டாவது வரி முடிஞ்சதும் ஒரு இடைவெளி வரும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் மூணாவது வரிக்குப் போவோம். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. முதல் நாள் நான் அப்படி நிறுத்தினேன், அதுவே பழகிப் போச்சு. அந்த இடத்துல எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க. கூட்டத்தை நடத்துறவர் ரிட்டயரான வாத்தியார். அந்த இடைவெளியைப் பத்தியே ஒருநாள் முக்கால் மணி நேரம் பேசினார். மனுஷன் வாய் அடங்குற இடத்துலதான் கடவுள் பேசுறார்னு. கேட்டு நான் அழுதுட்டேன். என் மூலமா இப்படி ஒண்ணு வந்திருக்கேன்னு.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், என் மருமக, பெரியவன் பொண்டாட்டி. நல்ல பொண்ணு, குறை சொல்ல முடியாது. பெருக்கினாலும் பாட்டு, துணி மடிச்சாலும் பாட்டு. எல்லாம் அந்த வெறுங்கால் பாட்டுக்காரி பாட்டு. தெரியும்ல, செருப்பில்லாம மேடையில வந்து நிப்பாளே, கையை விரிச்சா மணி கவுத்த மாதிரி சட்டைக் கை தொங்குமே, அவதான். பாடுறதுக்கு முன்னாடி அவ மூச்சை இழுக்குறது மைக்ல நமக்குக் கேக்கும். இப்ப ஊர்ல இருக்குற பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான் இழுக்குதுங்க. என் சின்ன மக ஹலோ சொல்றதுக்கே ஒரு மூச்சு இழுத்தா. இளைப்பு வந்துடுச்சுன்னு நினைச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். அவர் பாத்துட்டு, என் பொண்ணும் இப்படித்தாம்மா, வீட்டுக்குப் போங்கன்னுட்டார்.

போன மாசம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நீ எடுத்துக் கொடும்மான்னு நான்தான் மருமககிட்ட சொன்னேன். அவ என்ன பண்ணா? நம்ம வேண்டுதல் வரிகளை அந்த வெறுங்கால்காரி ராகத்துல பாடிட்டா. மூச்சிழுப்போட. கூட்டத்துல பாதிப் பேரு தலையாட்டுறாங்க. எப்பவும் தூங்குற மருந்துக்கடைக்காரர் முழிச்சு உக்காந்திருக்கார்மா... எனக்கு வயிறு எரிஞ்சுது. பக்தின்னு நினைச்சுக்கிட்டேன் அந்த எரிச்சலை. மறுநாளே வாத்தியார் வீட்டுக்குப் போயி, ஊர் கூத்தாடுற ராகத்துல கடவுள் பேரைச் சொல்லலாமான்னு கேட்டேன். அவர் அடுத்த கூட்டத்துல அதையே எடுத்துப் பேசினார். யார் பேரையும் சொல்லல. ஆனா எல்லாரும் திரும்பி அவளைத்தான் பாத்தாங்க. அவ மடியில கையை வச்சுக்கிட்டுத் தரையைப் பாத்துட்டு இருந்தா.

அன்னிலேர்ந்து அவ பாடுறதில்லமா. கூட்டத்துல மட்டும் இல்ல, வீட்லயும். பாத்திரம் கழுவுறா, தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது. என் பெரியவன் ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே, இப்ப வீடு உங்களுக்கு நிம்மதியா இருக்காம்மான்னு கேட்டான். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேற என்ன பண்ண?

அப்பத்தான் அக்கா போன். எங்க கூட்டத்தை யாரோ வீடியோ புடிச்சு அவளுக்கு அனுப்பியிருக்காங்க. "ஏண்டி, அந்தச் சுருள்முடிக்காரன் பாட்டுக்கு எப்படிடி இத்தனை பேரைக் கண்ணை மூட வச்சே?" அப்படின்னா. எந்தப் பாட்டுன்னேன். பாடிக் காட்டினா, அப்படியே எங்க வேண்டுதல் ராகம். ரெண்டாவது வரி முடிஞ்சுது... அந்த இடைவெளி வந்துச்சு... போன்லயே விசிலடிச்சா. கட்டுப்பல்லுமா அவளுக்கு! பாதி விசில், பாதி காத்து. அந்த இடத்துல அவன் விசிலடிப்பானே, மறந்துட்டியாங்கிறா.

எப்படி மறந்தேன்னு எனக்கே தெரியலமா. அவ விசிலடிச்சதும் என் இடது முழங்கால் தானா ஆட்டத்துக்கு மடங்குது. பீரோ கண்ணாடி முன்னாடி சீப்பை மைக்கா புடிச்சுக்கிட்டு ஆடினவ நான். நாங்க வயசுப் பொண்ணுங்களா இருந்தப்ப மேடையில ஆடிப் பாடினவன் அந்தச் சுருள்முடிக்காரன், அப்ப எப்படி இருந்தான் தெரியுமா? ஆம்பளைங்க எல்லாரும் முடியைச் சுருட்டினாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குச்சி மாதிரி முடி. என்னைப் பாக்க வர்றதுக்காகக் கம்பியைக் காய்ச்சிச் சுருட்டியிருக்கார். காதுக்கு மேல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, முடிதான் இல்ல. அவன் மேடையை விட்டு இறங்கும்போது மணிக்கட்டை ஒரு சுழட்டு சுழட்டுவான், இவர் இன்னிக்கும் பஸ் கண்டக்டருக்குக்கூட அப்படித்தான் கை காட்டுறார். நான் போடுற இந்தப் புடைச்ச கை ரவிக்கை... அடக்கமா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அது அவன் கூட ஆடினவ போட்டது. எங்க அப்பா ரேடியோவை அணைச்சிட்டு என்ன திட்டுனார் தெரியுமா? ஊர் கூத்தாடுற பாட்டு இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னு. அதைத்தான் நான் அப்படியே கொண்டு போயி வாத்தியார்கிட்ட வச்சிருக்கேன்.

மறுநாளே கூட்டம். பாடித்தானே ஆகணும்? ரெண்டாவது வரி முடிச்சேன். எல்லாரும் கண்ணை மூடினாங்க. எனக்குள்ள அக்கா விசிலடிக்கிறா. சிரிப்பு பொத்துக்கிட்டு வருது, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன், உடம்பெல்லாம் குலுங்குது. நான் உருகி அழுறேன்னு வாத்தியார் நினைச்சுட்டார். இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு சொன்னார். என் மருமக எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து கொடுத்தா. முதுகைத் தடவி விட்டா. என்ன பண்ணுதுங்க அத்தைன்னு கேட்டா.

மன்னிப்புக் கேக்கணும்னு மூணு தடவை அடுப்படி வரைக்கும் போனேன். உப்பு இருக்கான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். மூணு தடவையும் இருக்குன்னா. இன்னிக்குக் காலையில புதுசா ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்கா, பாவம்.

வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்தோட ஆண்டு விழா. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது. அவ ராகத்துலயே அவ பாடட்டும், நான் சொன்னது தப்புன்னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன். விசில் விஷயத்தை மட்டும் சொல்லல. அவருக்கு வயசாச்சு, இனிமே அந்த இடத்துல கண்ணை மூடாம அவரால இருக்க முடியாது. கடவுளுக்கு எப்படியும் முதல் நாளே தெரிஞ்சிருக்கும், அவரே பேசாம இருந்துட்டார்.

ஏம்மா... அந்தக் கொக்கியில பச்சையா தொங்குதே, அது அவ ரவிக்கைத் துணிதானே? விழாவுக்குன்னு கொடுத்தது. மணி மாதிரி கை வேணும்னு உங்ககிட்ட கேட்டிருக்கா. நான்தான் அவளுக்குத் தெரியாம போன் பண்ணி, கையைக் குறைச்சு வெட்டிடுங்கன்னு சொன்னேன். இன்னும் வெட்டலையே? ஊசியை எடுக்க வேணாம், தலையை ஆட்டினா போதும்.

அப்பாடா... வெட்டாதீங்கம்மா. அவ கேட்ட மாதிரியே தச்சுக் கொடுத்துடுங்க.