திரையில் கேட்ட குரல் குறித்து வீடியோக்காரம்மா சொன்னது

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. தொழில் வீடியோ எடுப்பது. அச்சகத்துக்கு மேல்மாடியில் கணவருடன் வசித்து வருகிறேன். தெருவில் என்னை ‘ஆலைச் சங்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் குரலுக்காக வைத்த பெயர் அது. அதற்காக நான் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்தப் புகாரில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் வீடியோ எடிட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்தது கிடையாது. அவர் வேறு ஊரில் தன் வீட்டிலிருந்தபடியே, வருகிற வேலையை எடுத்துச் செய்து கொடுப்பவர். நான் அவரைத் தம்பி என்றும் அவர் என்னை அக்கா என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். முகம் தெரியாதே தவிர அவருடைய கை எனக்குத் தெரியும். நீச்சல் பள்ளி ஒன்றுக்காக நாங்கள் செய்த வீடியோவைப் பார்த்தவர்கள் எத்தனை கேமரா வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இருந்தது ஒரே கேமரா. எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்று எடுத்த எனக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட வேலைக்காரர் அவர் என்பதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வேலை நடக்கும் விதம் பின்வருமாறு. நான் எடுத்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றி அனுப்புவேன். எந்த இடத்தில் எது வர வேண்டும் என்பதை எழுதி அனுப்புவது எனக்கு ஒத்து வராது. ஆகவே படத்தை ஓடவிட்டு, அதன் மேலேயே வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். இதற்குக் கச்சாக் குரல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு படத்தை வெட்டுவார். அதன் பிறகு குரல் கொடுப்பவர் ஒருவர் நல்ல தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்து அனுப்புவார். கடைசியில் தம்பி என் குரலை அணைத்துவிட்டு அவர் குரலை வைத்து வீடியோவை முடிப்பார். கச்சாக் குரலில் நான் திட்டுவேன், சிரிப்பேன், குழம்பு அடிபிடிக்கிறது என்று எழுந்தும் போவேன். அது எங்கள் இருவர் காதுக்கு மட்டும்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் புதிய கட்டடத் திறப்புக்கு வீடியோ எடுக்க அதன் முதலாளி என்னை அழைத்தார். நான் போய் எல்லாப் பிரிவுகளையும் எடுத்தேன். அட்டை வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கேமராவை மறைத்துக்கொண்டு நின்று, “இந்தப் பக்கம் வேண்டாம்மா, அந்தப் பக்கம் பூந்தொட்டி இருக்கு, அதை எடுங்க” என்றார். அந்த இயந்திரத்தில் கைக்குக் காப்பாக இருக்க வேண்டிய மூடி இல்லை. அதில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் நுனிகள் போய், இப்போது அவரைப் பசை ஒட்டும் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவரே என்னிடம் கையை விரித்துக் காட்டினார். அதன் பிறகு நான் பூந்தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்று கச்சாக் குரலில் நான் பேசியது இதுதான். “தம்பி, இங்க வெட்டு மெஷினைக் காட்டாதே. மூடி கிடையாது. ஒரு பொண்ணுக்கு ரெண்டு விரல் நுனி போயிருக்கு. மூடியைப் போடத் துப்பில்ல, மறைக்க மட்டும் தெரியுது. இந்த இடத்துல முதலாளி பூந்தொட்டியைத் தடவிக்கிட்டு நடந்து வருவாரு, அதை வச்சுக்கோ. நல்லா சிரிப்பாரு.” தம்பியும் அப்படியே வைத்தார்.

திறப்பு நாள் காலை வரை முதலாளி தன் பெயரைத் திரையில் இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் தம்பி மாற்றி அனுப்பினார். கடைசித் தடவை அவசரத்தில் என் குரலை அணைப்பதற்குப் பதிலாக, குரல் கொடுத்தவர் குரலை அணைத்துவிட்டார். விழா தொடங்கும் நேரம் ஆகிவிட்டதால் யாரும் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே திரையில் போட்டார்கள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் முதலாளி பூந்தொட்டியைத் தடவிச் சிரித்துக்கொண்டு வந்தார். அரங்கம் முழுக்க என் குரல் கேட்டது. பின்வரிசையில் இருந்த தொழிலாளர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் விழாவைப் படம் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றேன். கேமராவை நிறுத்தவில்லை. பெட்டி வாங்க வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் எழுந்து, “அந்த மெஷினை இப்பவே பாக்கலாமா?” என்று கேட்டார். பசைப் பிரிவுப் பெண் எழுந்து முன்னால் நடந்து அவருக்கு வழி காட்டினார்.

அதன் பிறகு முதலாளி புகார் கொடுத்தார். எடிட்டர் தன் தொழிற்சாலையைக் கெடுக்க, கணினியைக் கொண்டு என் குரலைப் போலவே போலிக் குரல் செய்து படத்தில் சேர்த்துவிட்டார் என்பது புகார். தம்பியின் ஊர்க் காவலர்கள் அவருடைய கணினியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். கணினி இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. போலி என்று முடிவானால் கைது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து, தொழிற்சாலை மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். “அது என் குரல் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்களை இதுல இழுக்கவே மாட்டோம். அவன் எங்கேயோ இருக்கிறவன், முகம்கூடத் தெரியாதவனுக்காக நீங்க ஏன் தலையைக் கொடுக்கணும்?” என்றார். என் கணவர் உள்ளேயிருந்து, “இவ குரல் இல்லன்னு சொன்னா இந்தத் தெருவே வாயால சிரிக்காதுங்க” என்றார். மேலாளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

பிறகு தம்பி தொலைபேசியில் பேசினார். அழுகிற குரல். “அக்கா, அவங்க கேக்கிற மாதிரியே சொல்லிடுங்க. தப்பு என்னோடதுதானே. நீங்க மாட்டிக்க வேண்டாம்” என்றார். எனக்கு வந்த கோபத்தில், “வாயை மூடுடா. நீ தட்டினது ஒரு பட்டன். பேசினது நான். என் பேச்சை உன் தலையில கட்ட நான் என்ன மேலாளரா?” என்றேன். அவரை ‘டா’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொந்தத் தம்பியாக இருந்தாலும் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்திருப்பான். இவர் எனக்காகச் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தார். இப்படி ஒருவரோடு வேலை செய்கிறேன் என்று அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனபடியால் யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன்.

அந்தக் குரல் என்னுடையது. அதில் எடிட்டர் ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. சொன்னது உண்மை. அதற்காக என் மேல் வழக்குப் போட்டால் வந்து நிற்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே வாசகங்களைப் பேசும்படி ஆய்வாளர் கேட்டார். பேசினேன். அன்று எப்படிப் பேசினேனோ அப்படியே, ‘தம்பி’ என்று தொடங்கி, ‘துப்பில்ல’ என்பதையும் விடாமல் பேசினேன். முன்னறையில் வேறு வேலையாக வந்திருந்தவர்கள் எழுந்து வாசற்படியில் வந்து நின்றார்கள். பேசி முடித்ததும் இதை எழுதிக்கொண்டிருக்கும் காவலர் பேனாவை வைத்துவிட்டு, “இப்ப அந்த மெஷினுக்கு மூடி போட்டாச்சாம்மா?” என்று கேட்டார். போட்டாச்சு, எல்லா மெஷினுக்கும் போட்டாச்சு என்றேன். அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

மேலே கண்ட அனைத்தும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)