நாகலிங்கத்துக்கு நல்ல தண்ணீர்

காலை நடைக்கு வருகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. எத்தனை அடி நடந்தோம் என்று செல்போனைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை அய்யா. பார்ப்பதற்கு நான் ஒருவன் இருந்தேன்.

என் பெயர் கன்னையன். மண்ணரைப் பக்கம் இருக்கிற அந்தப் பழைய பூங்காவில் பதினெட்டு வருடமாகப் பராமரிப்பு மேற்பார்வை. வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. பேண்டு வாசிக்க ஒரு கல் மேடை, அதைச் சுற்றி வட்டமாக நாற்பது மரங்கள், மேடைக்கு எதிரே ஒரு நாகலிங்க மரம். பனியன் கம்பெனிகள் வந்தன, சாயப்பட்டறைகள் வந்தன, ஊரே மாறிப்போனது. அந்த வட்டம் மட்டும் மாறவில்லை.

போன வருடம் பூங்காவைப் பழையபடி புதுப்பிப்பது என்று முடிவானது. வரைபடம் போட வந்த கிருத்திகா என்கிற பெண் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினாள். "இதுல இருக்கற நாகலிங்கம் இன்னும் உசுரோட நிக்குதுன்னா அது உங்களாலதானுங்க," என்றாள். படித்த பெண். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு நடைபாதைக்குத் தோண்டினார்கள். என் தொடை கனம் இருந்த ஒரு வேர் பொக்லைனில் அறுந்துபோனது. பங்குனியில் நாகலிங்கத்தின் இலை நுனி கருக ஆரம்பித்தது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். கை கழுவிவிட்டு மறுபடியும் போவேன். பூங்காவின் போர்வெல் வற்றிவிட்டது. மூலையில் ஒரு பழைய கிணறு உண்டு. தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். ஆனால் சாயக்கழிவு ஊறிய மண். அந்தத் தண்ணீரை விட்ட இரண்டு மகிழமரங்கள் பத்தே நாளில் பட்டுப்போயின.

பூங்காவின் பின்சுவரை ஒட்டி லைன் வீடுகள். பதினான்கு குடும்பம், எல்லாம் பனியன் கம்பெனி வேலைக்காரர்கள். ஆறு நாளுக்கு ஒருமுறை வரும் குடிநீர், பூங்காவுக்கு அடியில் போகும் குழாய் வழியாக அவர்களுடைய பொதுத் தொட்டியில் விழும். சித்திரையில் ஒரு மதியம், ஆட்கள் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், அந்தக் குழாயை நாகலிங்கத்தின் பக்கம் திருப்பினேன். கிணற்று மோட்டாரை அவர்கள் தொட்டிக்கு இணைத்தேன். அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் குறையவில்லை. முன்பைவிட அதிகமாகவே கிடைத்தது.

மூன்றாவது வீடு அனுப்ரியாவுடையது. குண்டடத்துப் பெண். புருஷன் செந்தில்வேலுக்குக் கட்டிங் வேலை. இவளும் செக்கிங் வேலைக்குப் போனவள்தான், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். மதியத்தில் சுவருக்கு மேலாக எனக்கு ஒரு டம்ளர் டீ நீட்டுவாள். குழந்தை வர்ஷினிக்கு நான்கு மாதம். தாய்ப்பால் பற்றாமல் பவுடர் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, தண்ணி ஒரு மாதிரி கரிக்குதுங்களே?"

"பைப் மாத்தறாங்க கண்ணு. கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்."

அதன் பிறகு டீ வேண்டாம் என்றேன். வயிற்றில் புண் என்று சொல்லிவிட்டேன்.

இருபதாம் நாள் நாகலிங்கம் தளிர்விட்டது. அந்த வாரத்தில்தான் அனுப்ரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள் ஓடிவந்தாள். "உதடெல்லாம் நீலமா இருக்குதுங்ணா. அவரு போனை எடுக்க மாட்டேங்கறாருங்க."

நான்தான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா குழந்தையின் நகத்தைப் பார்த்துவிட்டு, பவுடரை எந்தத் தண்ணீரில் கரைக்கிறாய், கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டார். கெட்ட தண்ணீர் கைக்குழந்தைகளின் ரத்தத்தில்தான் இப்படி ஏறும் என்றார்.

"இல்லீங்க. கார்ப்பரேசன் தண்ணிதானுங்க. நல்லாக் காச்சித்தான் குடுக்கறேன்."

டாக்டரம்மா என்னையும் பார்த்தார். நான் குழந்தையின் துணிப்பையைப் பிடித்தபடி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் இதயத்தில் கோளாறாக இருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் மதியம் வர்ஷினி இறந்துபோனாள்.

சாவுக்குப் போனேன். செந்தில்வேலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகாவது குழாயைத் திருப்பியிருக்கலாமே என்பீர்கள். நாகலிங்கம் மொட்டுக் கட்டியிருந்தது. அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் மொட்டு உதிர்ந்துவிடும். புதுப்பித்த பூங்காவின் திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டே நாள். மற்ற பதிமூன்று வீட்டிலும் கைக்குழந்தை இல்லை. அதை விசாரித்துக்கொண்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு செந்தில்வேல் பூங்காவுக்கு வந்தான். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்றான். அன்று குடிநீர் விடும் நாள், மரத்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து முகம் கழுவினான். ஒரு வாய் குடித்தான். நின்று, இன்னொரு வாய் குடித்தான்.

"இது நல்ல தண்ணியா இருக்குதுங்களே, ணா. எங்கிருந்து வருதுங்க?"

அவன் மண்ணைக் கையால் பறித்துப் பறித்து, குழாய் போகும் வழியே சுவர் வரைக்கும் போனான். திரும்பி வந்தபோது என்னை அடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தண்ணீர் கெட்டது என்று தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மகிழமரங்கள் பட்டபோதே ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். மரத்துக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கொடுத்த பெண், "குடிக்க ஆகுமான்னும் பாத்துச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். லைன் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று அதற்கு முந்தின நாளே நான் அளந்து வைத்திருந்தேன்.

"வேண்டாங்க," என்றேன். "மரத்துக்கு மட்டும் பாத்தாப் போதுமுங்க."